முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே

அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் எங்கள் தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருந்தவள். என் கணவர் வேலைக்குப் போயிருந்த வளைகுடா நாட்டிலேயே அவளுடைய புருஷனும் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார். அவர் லீவில் வந்தபோது என் கணவர் ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். பால்மா, சவர்க்காரம், மகளுக்கு ஒரு பூப்போட்ட சட்டை, அடியில் ஓர் உறை. உறைக்குள் அவர் இருந்தார். நீல நிற ஓவரோல் போட்டு, மஞ்சள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய பெரிய குழாய்களுக்கு முன்னால் நின்றார். முகம் மழுமழுவென்று இருந்தது. தாடி இல்லை. தாடி போகட்டும், மீசையும் இல்லை.

அது ஆடி மாதம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றும். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லை. கதிர்காமத்துக்குப் போய் அவர் ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை பிறந்தால் ஒவ்வொரு ஆடியும் கொடியேறுவதற்கு முன்பிருந்தே தாடி வளர்ப்பேன், தீர்த்தம் முடிந்த பிறகுதான் முகத்தில் கத்தி வைப்பேன் என்று. மகள் பிறந்தாள். எங்கள் பக்கத்தில் நேர்த்தித் தாடி வைத்தவன் மீன் இறைச்சி தொடமாட்டான், சாராயம் தொடமாட்டான், கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தனிப்பாய்தான். இந்த ஆள் இப்போது சாமிக்கு உரியவன் என்று தாடியைப் பார்த்தாலே ஊருக்குத் தெரியும். அப்படியிருக்க, ஆடி மாதத்தில் ஒருவர் மீசையையும் சேர்த்து வழித்துக்கொண்டு, தலையைப் படிய வாரி, படம் பிடித்து அனுப்பினால் நான் என்ன நினைப்பேன்? அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நான் பொறாமைக்காரி. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை; வெட்கப்பட வேண்டிய வேறு காரியங்கள் இருக்கின்றன. இலங்கை மலையகத்தில் லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட டீச்சர், அவர் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கும் பிட்டர். ஸ்டோரில் தேயிலை சலிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். சாயந்தரம் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டால் நான் எடுத்து மோந்து பார்ப்பேன். எண்ணெய் வாடை அடித்தால் எஞ்சினோடு இருந்திருக்கிறார். தேயிலைத் தூளும் முகப்பவுடரும் சேர்ந்து அடித்தால் அன்றைக்குச் சோறு ஆறிப்போகும். "ஒனக்கு வேற வேல இல்லையா புள்ள?" என்று அவர் சிரிப்பார். அவர் அப்படிச் சிரிக்கிற மனிதர். அந்தச் சிரிப்பை வேறு யாரும் பார்த்துவிடுவார்களே என்பதுதான் எனக்கு இருந்த வியாதி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்டோர் பாதி நாள் மூடிக்கிடக்கத் தொடங்கியது. லயத்தை விட்டு எங்காவது ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. பதுளையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒருவர் மூலம் எண்ணெய் வயலில் பிட்டர் வேலை கிடைத்தது. போகும்போது மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சாமி பாலைவனத்துலயும் இருக்காரு. ஆடி வந்தா அங்கயும் தாடிதான்" என்றார். நான் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவருடைய கடிதங்கள் மூன்று பக்கம் வரும். அதில் இரண்டே முக்கால் பக்கம் வாயுவைப் பற்றி. எண்ணெயோடு சேர்ந்து நிலத்துக்குள்ளிருந்து வாயு வருகிறது, அதில் நல்லதைப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள், மிஞ்சுவது நஞ்சு. ஐதரசன் சல்பைட்டும், நாம் மூச்சில் விடுகிற காபனீரொட்சைட்டும் கலந்தது. தண்ணீர் பட்டால் அமிலமாகி இரும்பையே தின்னும். முன்பெல்லாம் உயரமான குழாயில் விட்டுக் கொளுத்திவிடுவார்களாம். இப்போது அதை அமுக்கி அமுக்கி, வந்த வழியிலேயே நிலத்துக்குள் திருப்பி அனுப்புகிறார்களாம். அமுக்குகிற அந்த இயந்திரத்தில்தான் அவருக்கு வேலை. கீழே குகை எதுவும் இல்லை, பாறைதான் என்று எழுதியிருந்தார். ரஸ்க்கைப் பிளேன்டீயில் நனைத்தால் தேத்தண்ணீர் எப்படி உள்ளே போய் நிற்கிறதோ, அப்படிப் பாறைக்குள் எண்ணெய் நின்றிருக்கிறது. அதை எடுத்த இடத்தில் இந்த வாயு போய் நிற்கும். மேலே துவாரமே இல்லாத இன்னொரு பாறை பீங்கான் கோப்பையைக் கவிழ்த்த மாதிரி மூடியிருக்கிறது. ஆயிரம் வருஷமானாலும் வெளியே வராது.

கடைசிக் கால் பக்கத்தில் நானும் மகளும் இருப்போம். வாயுவுக்கு இத்தனை பக்கம், எனக்கு நாலு வரியா என்று அந்த வாயுவின் மீதே எனக்கு எரிச்சல். பாறையையும் ரஸ்க்கையும் தாண்டிக் குதித்து, எங்காவது ஒரு பெண்ணின் வாடை அடிக்கிறதா என்றுதான் அந்தக் கடிதங்களைப் படித்தேன். நஞ்சு என்று எழுதியிருந்த இடத்தில் கண் நிற்கவே இல்லை.

கடிதத்தில் வந்த ஒரே ஆள் ஒரு பாலக்காட்டுக்காரர். அந்த வேலையில் யாரும் தனியாகப் போகக் கூடாதாம். எப்போதும் இரண்டு பேர். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் கணவருக்கு ஜோடியாக நின்றவர் அந்தப் பாலக்காட்டு அண்ணன். வயதில் மூத்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார், அவருடைய மனைவி தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அந்த அம்மா அனுப்பும் நேந்திரங்காய் வறுவலை இருவரும் பங்குபோட்டுத் தின்பார்களாம். எனக்கு அந்த அண்ணன் மீதும் பொறாமைதான். என் கணவரோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவரல்லவா.

படம் வந்த அன்றைக்கு அடுத்த காம்பராக்காரி இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம டவுனுக்கு வாறாராம். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அங்க ஒரு பார்க் இருக்காம். வீட்டு வேலைக்குப் போன நம்ம ஊரு பொண்ணுங்க எல்லாம் அன்னைக்கு அங்கதான் இருப்பாங்களாம்." பிறகு படத்தை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தாள். "மூஞ்சி பளபளன்னு இருக்கு டீச்சர்" என்றாள்.

அவ்வளவு போதும் எனக்கு. மிச்சத்தை நானே செய்துகொண்டேன். பண்டாரவளைப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சிவப்பு, இடது கன்னத்தில் குழி. அந்தக் குழியைக்கூட நானேதான் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்கும்போது அவள் பூங்காவில் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மீசை இல்லாமல் நன்றாயிருக்கிறது என்று அவள்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றும். வயிறு எரியும். கரும்பலகையில் கணக்கைத் தப்பாக எழுதிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு லுணுகலைக்கு இறங்கி, வெளிநாட்டுக்குப் போன் பேசும் கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அவர் தங்கியிருந்த முகாமுக்குப் போன் எடுத்தேன்.

"மொதல்ல பாப்பா எப்பிடி இருக்கு?" என்றார்.

"பாப்பா இருக்கு. நீங்க மூஞ்சிய ஏன் வழிச்சீங்க?"

"இங்க விடமாட்டாங்க புள்ள. மாஸ்க் போடணும். முடி இருந்தா மூஞ்சில ஒட்டாது. சந்து வழியா காஸ் உள்ள போயிரும். தெனம் காலையில கன்னத்த தடவிப் பாத்துத்தான் உள்ளயே விடுறாங்க."

"மீசையுமா காஸ உள்ள விடுது?"

"மீசையுந்தான்."

"எனக்கு ஏற்கனவே காது குத்தியாச்சுங்க."

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. அங்கே ஒருத்தி இருக்கிறாளா என்று நேராகக் கேட்டிருந்தால்கூட அவர் இல்லை என்று சொல்லியிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். நான் டீச்சர் அல்லவா, என் பொறாமையை வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? சாமியை முன்னால் நிறுத்தினேன்.

"பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல். சாமி குத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. அது கேட்டு வாங்குன புள்ள. ஒங்க வேலைக்காக அதுக்கு ஏதாச்சும் ஆனா பரவாயில்லையா?"

காய்ச்சல் வந்தது உண்மை. அது தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கி முதல் நாளே விட்டுவிட்டது. சாமி குத்தம் என்று எல்லாரும் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை.

"அடுத்த ஆடிக்கு தாடியோட ஒரு போட்டோ வரணும். வரலன்னா நான் என்ன நெனைக்கணுமோ அத நெனச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் நான் அவருக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதவில்லை. மாதம் ஒரு கசெட் அனுப்புவேன். மகள் பாடுவாள், எண்ணுவாள், அப்பா வாங்க என்பாள். அதில் என் குரல் ஒரு சொல்கூட இருக்காது. இருமல் வந்தால்கூட எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருவேன். அவ்வளவு கவனம்.

அடுத்த ஆடிக்குக் கடிதமும் படமும் சேர்ந்து வந்தன. படத்தில் மூன்று வாரத் தாடி. கருகருவென்று, கன்னம் நிறைய. கண்கள் மட்டும் கொஞ்சம் களைத்திருந்தன. கடிதத்தில் எழுதியிருந்தார்: காலையில் முகம் தடவிப் பார்க்கிற பொறுப்பு இந்த வருஷம் பாலக்காட்டு அண்ணனுக்கு வந்திருக்கிறது. முதலில் ஒரேயடியாக முடியாது என்றாராம். பிள்ளைக்காக வைத்த நேர்த்தி என்று சொன்னதும் யோசித்தாராம். அவரும் வருஷா வருஷம் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனவர். இந்த வேலைக்கு வந்தபிறகு போக முடியாமல் போனதில் அவருக்கு ஒரு குறை. தீர்த்தம் வரைக்கும்தானே, சாமி காரியம் என்று விட்டுவிட்டாராம். தாடி மேல் களிம்பைத் தடிப்பாகப் பூசி, அதன்மேல் முகமூடியை அழுத்தி, மூச்சை இழுத்துப் பார்த்தார்களாம். ஒட்டுகிறதாம்.

இந்த வரிகளை நான் படித்தேன். பாறை, வாயு, குழாய் என்று வந்ததை எல்லாம் தாண்டிப் போனவள், இதை மட்டும் மூன்று தரம் படித்தேன். களிம்பு பூசியாவது எனக்காகத் தாடி வளர்த்திருக்கிறார் என்று அத்தனை சந்தோஷம். படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த காம்பராக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு எங்க இருந்தாலும் நேர்த்திய விடமாட்டாரு" என்றேன். பண்டாரவளைக்காரி அன்றைக்குச் செத்துப்போனாள். அந்த நாலைந்து நாளும் நான் பாட்டுப் பாடிக்கொண்டே ரொட்டி சுட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தீர்த்தத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தபோது கொமியூனிகேஷன் கடைக்காரரே தோட்டத்துக்கு ஏறி வந்தார். அடுத்த காம்பராக்காரியின் புருஷன் அங்கிருந்து போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். என் கணவர் ஆஸ்பத்திரியில், உயிருக்கு ஆபத்தில்லை, கூட இருந்த ஆள் போய்விட்டார். உயிருக்கு ஆபத்தில்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்த ஆளைப் பற்றி அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பினார்கள். பதுளை ஸ்டேஷனில் ரயிலை விட்டு அவர் இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் முகத்தை வழித்திருந்தார்கள். மகளைத் தூக்கப் போனவர் மூச்சு வாங்கி அவளைக் கீழே விட்டுவிட்டார்.

நடந்ததை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வந்து பத்து நாள் இருக்கும், ஒரு காலை நேரம், இஸ்தோப்பில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். குழாய் இணைப்பு ஒன்றில் கசிவு. இவர் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார், அண்ணன் தள்ளி நின்றார். முதலில் கூழ்முட்டை நாற்றம் வந்தது. அப்புறம் நாற்றமே இல்லை. "நாத்தம் நின்னா நல்லதுன்னு நெனைப்பாங்க. அது அப்பிடி இல்ல புள்ள. காஸ் கூடுனா மூக்கு செத்துரும்" என்றார். இவர் விழுந்தார். தள்ளி நிற்பவர் முதலில் தன் முகமூடியைப் போட வேண்டும், பிறகுதான் உள்ளே போக வேண்டும். அண்ணன் போடாமலே ஓடிவந்து இவரைத் தோளில் பிடித்து இழுத்திருக்கிறார். எல்லைக் கம்பி வரை இழுத்துவிட்டு அங்கேயே விழுந்துவிட்டார். இவர் முகமூடிக்குள் கொஞ்சமாவது நல்ல காற்று இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னவர் தாடி என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், சட்டம் போட்ட படத்தைச் சுவரிலிருந்து கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

எனக்குப் பதுளைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம் கிடைத்து நாங்கள் டவுனுக்கு வந்தோம். அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் ஒரு கடையில் சேர்ந்தார். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குக்காரர்கள் பம்புகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேலையில் அவருக்குக் கை மறக்கவில்லை. ஆனால் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு எப்படி என்று கேட்டால் நல்லாருக்கு என்பார். அந்த வாயுவில் மூக்கு போனபிறகு அவருக்கு எல்லாம் ஒன்றுதான். சிரிப்பு சுத்தமாக இல்லை. அடுத்த பெண்கள் பார்த்துவிடுவார்களே என்று நான் காவல் காத்த சிரிப்பு, இப்போது எனக்கே இல்லாமல் போனது.

அந்த நாட்களில்தான் பாலக்காட்டிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அந்த அண்ணனுடைய மனைவி. மாதம் ஒன்று. இவரும் எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளின் அப்பியாசக் கொப்பியில் தாள் கிழித்து, நாலு பக்கம், ஐந்து பக்கம். வீட்டில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாதவருக்கு அங்கே எழுத ஐந்து பக்கம் இருந்தது. பதில் வந்தால் கடையிலிருந்து கொண்டுவந்து, வாசலில் நின்று படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இல்லாத ஒருத்தியை உண்டாக்கி அவளோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். இப்போது உண்மையிலேயே ஒருத்தி இருந்தாள், அவளை உண்டாக்கியதும் நான்தான். அவள் என் கணவருக்குக் கடிதம் எழுதக் காரணம் அவளுடைய கணவன் செத்தது; அவன் சாகக் காரணம் என் நேர்த்திக் கதை. வாயைத் திறந்து ஒரு சொல் கேட்க எனக்கு உரிமை இல்லை. உரிமை இல்லை என்று தெரிந்தால் பொறாமை போய்விடுமா? இன்னும் கூடத்தான் செய்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண் மீது வயிறெரிகிறாயே, நீ மனுஷிதானா என்று என்னையே திட்டிக்கொண்டு, மறுநாளும் வயிறெரிந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் உலகம் சூடாவதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. பதுளையில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சிச் செயலமர்வு வைத்தார்கள். வகுப்பெடுக்க வந்த அதிகாரி, காபனீரொட்சைட்டைப் பழைய எண்ணெய் வயல்களில் நிலத்துக்கடியில் சேமித்து வைக்கப் போகிறார்கள் என்று ஏதோ புதிய அதிசயம் போலச் சொன்னார். எப்படி நிற்கும் என்று ஒருவர் கேட்டதற்கு அவரால் விளக்க முடியவில்லை. நான் எழுந்து ரஸ்க்கையும் பிளேன்டீயையும் கவிழ்த்த கோப்பையையும் சொன்னேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆபத்து ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்று அதிகாரி கேட்டார்.

"கீழ போனது கீழயே கெடக்கும் சேர். கொண்டு போய்ச் சேக்குறவங்களுக்குத்தான் ஆபத்து" என்றேன். அன்றைக்குப் பாதி படிக்காமல் தாண்டிய கடிதங்கள் எல்லாம், விபத்துக்குப் பிறகு எடுத்து எடுத்துப் படித்ததில், எனக்கு மனப்பாடமாக இருந்தன.

அதற்கு அடுத்த வாரம்தான் தபால்காரர் பாலக்காட்டுக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். வழக்கமாக அது பம்புக் கடை விலாசத்துக்கு வரும். கடை அந்த நேரம் பூட்டியிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சமையலறை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு, இரண்டு தரம் அதைச் சுற்றி நடந்தேன். மூன்றாம் தரம் கிழித்துவிட்டேன்.

மகனுடைய பரீட்சை, மழை, வீட்டுக் கூரை என்று போய்க் கடைசியில் இப்படி இருந்தது: "டீச்சரை விசாரித்ததாகச் சொல்லவும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எத்தனையோ கடிதத்தில் எழுதிவிட்டேன். நீங்கள் அதை அவரிடம் சொல்கிறீர்களா இல்லையா என்று தெரியவில்லை. மீசை இல்லாத படம் வந்தபோது நானும்தான் என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்தேன். எனக்கு நேர்த்தி எதுவும் இருக்கவில்லை, அதனால் அழுது முடித்துவிட்டு விட்டுவிட்டேன். இருந்திருந்தால் நானும் அதைத்தான் பிடித்திருப்பேன்."

கீழே ஒரு டெலிபோன் நம்பரும் இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு இறங்கினேன். அதற்குள் கடையைத் திறந்திருந்தார்கள். அவர் ஒரு பம்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நீட்டினேன். உறை கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"மொதக் கடிதாசியிலயே எழுதிட்டேன்."

"நான் கேட்டதையுமா?"

"எல்லாத்தையும். அண்ணன் சட்டத்த மீறி அவராலேயே செத்தாருன்னு கம்பனிக்காரன் எழுதி அனுப்பிட்டான். அந்தம்மா அத நம்பிக்கிட்டு இருக்கலாமா?"

"அவங்களுக்குச் சொன்னீங்க. என்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக.

"ஒன்கிட்ட சொன்னா ஒன்னாலதான்னு நான் சொன்ன மாதிரி ஆயிரும் புள்ள. அத என் வாயால சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு வெலிமடைக்காரர் வந்து பம்பு ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் கடைக்கு வெளியே வந்து, நடுச் சந்தையில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அத்தனை வருஷம் அவர் பேசாமல் இருந்ததை நான் தண்டனை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி அந்த நம்பரை நானே அழுத்தினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல் ஹலோ என்றதும் தாளில் இருந்த எதுவும் வாய்க்கு வரவில்லை. "பதுளையிலேருந்து பேசுறேன்" என்றேன்.

"டீச்சரா?" என்றாள். "எத்தனை வருஷமாச்சு, இப்பத்தான் கூப்பிடத் தோணிச்சா?"

"என்னை மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அழவேண்டாம். அதெல்லாம் எழுதி முடிஞ்ச விஷயம். எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவர் போனப்போ எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், அதுல அவர் லீவுல வந்த நாளையெல்லாம் கூட்டினா ஒரு வருஷம்கூட வராது. உங்க வீட்டுக்காரர் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் தினமும் அவர்கூட இருந்தார். சாப்பிட்டார், பேசினார். உண்மையைச் சொன்னா எனக்கு அதுல பொறாமை. அங்கே அவர் எப்படி இருப்பார், என்ன சொல்லிச் சிரிப்பார்னு எனக்குத் தெரியாது. கடிதத்துல எழுதினா சத்தம் வரமாட்டேங்குது. போனைக் கொஞ்சம் அவர்ட்ட குடுக்கறீங்களா?"

கொடுத்தேன். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, நான் உட்காருவேன் என்று நினைத்தோ என்னவோ, நாற்காலியைக் காலால் தள்ளிப் போட்டார். நான் உட்காரவில்லை. வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் குரல் முதலில் திக்கித் திக்கி வந்தது. பிறகு ஓடியது. அண்ணன் வறுவல் டப்பாவை எங்கே ஒளித்து வைப்பார், இவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார். பழைய சிரிப்பு, ஸ்டோரில் சிரித்த அதே சிரிப்பு. நான் அதைக் கேட்டு ஆறு வருஷமாகியிருந்தது.

அந்தச் சிரிப்பு எனக்காக வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். அவர் பேசி முடிக்கும்வரை உள்ளே போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.